ஒரு துளி ரத்தமும் ஒரு கலரிமீட்டரும்



இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிறவன் ரத்தத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது! டாக்டர் எழுதிக் கொடுக்கும் 'பிளட் டெஸ்ட்' டாக்டரின் கைக்குத் திரும்பிப் போவதற்கு முன்னால் நம்ம சங்கதிகள் வழியாகத்தான் போகிறது. லைட் சோர்ஸ், ஃபில்டர், டிடெக்டர், ஆம்ப்ளிஃபையர், டிஸ்ப்ளே. பரீட்சைக்காக நாம் பிளாக் டயகிராம் போட்டு மனப்பாடம் செய்கிற அதே ஐந்து கட்டங்கள்தான், லேபில் ஒரு மனிதருக்குச் சர்க்கரை வியாதி உண்டா இல்லையா என்று சொல்கின்றன.

இன்-பிளான்ட் டிரெயினிங்கிற்கு என்னை ஒரு மருத்துவமனை லேபில் போட்டார்கள். அங்கே பதினைந்து நாளில் நான் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

முதல் விஷயம், மெஷின் சர்க்கரையை எண்ணுவதில்லை. அது வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. எடுத்த ரத்தத்தைச் சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலே இளமஞ்சளாக ஒரு நீர் நிற்கும். ரத்தத்தை உறையவிட்டுப் பிரித்தால் அதற்குப் பெயர் சீரம். உறையாமல் இருக்க மருந்து சேர்த்துப் பிரித்தால் பிளாஸ்மா. அதில் 10 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு எடுத்து ரீஏஜென்டில் விடுகிறார்கள். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற என்சைம் சர்க்கரையோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கும். இன்னொரு என்சைம் அதைக் கொண்டு ஒரு சாயத்தை உண்டாக்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் போல இருந்த திரவம் ரோஜா நிறமாகிறது. சர்க்கரை அதிகம் என்றால் நிறமும் அடர்த்தி.

அந்த நிறத்தின் வழியாக 505 நானோமீட்டர் பச்சை வெளிச்சத்தை விட்டு, எவ்வளவு வெளிச்சம் உள்ளேயே நின்றுவிட்டது என்று பார்க்கிறார்கள். லேம்பர்ட் 1760-லும் பீர் 1852-லும் சொன்ன விதிதான். (பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், அவர் ஒரு பெரிய விஞ்ஞானி!) பக்கத்திலேயே, டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை உள்ள ஒரு ஸ்டாண்டர்டு கரைசலையும் அதே மாதிரி அளக்கிறார்கள். ஸ்டாண்டர்டு 0.30 காட்டி, நோயாளியின் சாம்பிள் 0.42 காட்டினால் சர்க்கரை 140. அவ்வளவுதான் கணக்கு! பெரிய ஆஸ்பத்திரிகளில் இதையே ஆட்டோ அனலைசர் மணிக்கு நூற்றுக்கணக்கில் செய்கிறது. அடிப்படை ஒன்றுதான்.

ஆகவே ரிப்போர்ட்டில் இருக்கிற எண் ஒரு ஒப்பீடு. ஸ்டாண்டர்டு கெட்டுப் போயிருந்தால் அன்றைக்கு அளந்த அத்தனை பேரின் சர்க்கரையும் தப்பு. மரக்கால் சரியில்லை என்றால் அளந்த நெல் எல்லாமே கணக்குத் தப்புமே, அது போல.

கிரியேட்டினின் டெஸ்டும் நிறத்தைப் பார்ப்பதுதான். 1886-ல் மாக்ஸ் யாஃபே கண்டு சொன்னது. காய்ந்தால் வெடிக்கக்கூடிய பிக்ரிக் அமிலத்தோடு கிரியேட்டினின் சேர்ந்தால் ஆரஞ்சு நிறம் வரும். இன்றைக்கும் பல லேப்களில் இதே முறைதான். ஆனால் கிரியேட்டினின் மட்டும்தான் அந்த நிறத்தைத் தரும் என்பதில்லை. சர்க்கரை, கீட்டோன், சில மாத்திரைகள் கூட அதில் கை வைக்கும். அதோடு கிரியேட்டினின் நம் தசையிலிருந்து வருகிற கழிவு. மூட்டை தூக்குகிறவருக்கு 1.2 இருந்தால் அது சாதாரணம். எலும்பும் தோலுமாக இருக்கிற எண்பது வயதுப் பாட்டிக்கு அதே 1.2 என்றால் கிட்னியின் வேலை பாதியாகக் குறைந்திருக்கலாம். எண் ஒன்று, அர்த்தம் இரண்டு!

அடுத்தது 'நார்மல் ரேஞ்ச்'. இதை யார் நிர்ணயித்தார்கள்? ஆரோக்கியமான ஆட்கள் நிறையப் பேரின் ரத்தத்தை அளந்து, மேலே இரண்டரை சதவீதம், கீழே இரண்டரை சதவீதம் தள்ளிவிட்டு, நடுவில் உள்ள 95 சதவீதத்தைப் பெரும்பாலும் 'நார்மல்' என்று வைக்கிறார்கள். அப்படியானால் ஒரு நோயும் இல்லாத இருபது பேரில் ஒருவர் கோட்டுக்கு வெளியேதான் இருப்பார். ஒன்றை ஒன்று சாராத இருபது டெஸ்ட் ஒரே ஆளுக்கு எடுத்தால்? 0.95-ஐ இருபது தடவை பெருக்கிப் பாருங்கள், 0.36 வரும். அதாவது நல்ல ஆரோக்கியமான நூறு பேரில் 64 பேருக்கு ஏதாவது ஒன்றிலாவது ஸ்டார் விழும். சர்க்கரை, கொலஸ்ட்ரால் போன்ற சிலவற்றுக்கு மட்டும் டாக்டர்கள் நோயின் ஆபத்தைப் பார்த்துத் தனியாகக் கோடு போட்டிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் 126-க்கு மேல் என்றால் சர்க்கரை நோய் என்பது அப்படி வந்தது. அதையும் இன்னொரு முறை பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

படிக்காத வீடுகளில் இந்த ஸ்டார் என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். அதனால் தெருவில் யார் ரிப்போர்ட் வந்தாலும், "தம்பி, என்ன போட்டிருக்குன்னு பாருப்பா" என்று என்னிடம்தான் வரும்.

போன வருஷம் எங்கள் பெரியம்மாவுக்குப் பொட்டாசியம் 6.9 என்று ஒரு லேபில் ரிப்போர்ட் கொடுத்தார்கள். 3.5 முதல் 5.1 வரைதான் இருக்க வேண்டும். 6.9 உண்மை என்றால் இதயத்துடிப்பே தடுமாறலாம். ராத்திரி எட்டு மணிக்கு, கையில் இருந்த காசையெல்லாம் திரட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பஸ்ஸில் பெரியம்மா அழுதபடியே, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். டூட்டி டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார். நன்றாக இருந்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரத்தம் எப்போ எடுத்தாங்க? எடுக்கும்போது கஷ்டப்பட்டாங்களா?" மூன்று தடவை குத்தி, சிரிஞ்சை வேகமாக இழுத்து எடுத்ததைச் சொன்னோம். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். 4.3!

ஏன் இப்படி? சிவப்பணுவுக்கு உள்ளே பொட்டாசியம் வெளியில் இருப்பதைப் போல இருபது முப்பது மடங்கு இருக்கிறது. எடுக்கும்போது அணு உடைந்தால் உள்ளே இருந்தது எல்லாம் சீரத்தில் கொட்டிவிடும். மெஷின் பொய் சொல்லவில்லை. ட்யூபில் இருந்ததைத்தான் அளந்தது. ட்யூபில் இருந்தது பெரியம்மாவின் உடம்பில் இல்லை, அவ்வளவுதான். அணு உடைந்த சீரம் சிவந்து போயிருக்கும். கண்ணால் பார்த்தாலே பெரும்பாலும் தெரியும். அதற்காக ஸ்டாரைப் பார்த்து 'இதுவும் பொய்தான்' என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. கிட்னி கெட்டவர்களுக்கு அந்த 6.9 நிஜமாகவே வரும், உயிரையும் வாங்கும். உடனே போக வேண்டும், உடனே மறுபடி அளக்க வேண்டும்.

அது பயமுறுத்தும் பொய். ஆறுதல் சொல்கிற பொய் அதைவிட மோசம். எங்கள் அப்பா கொத்தனார். ஆறு வருஷமாகச் சர்க்கரை. டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிருந்து டீக்குச் சர்க்கரை கிடையாது, சாப்பாடு பாதி, மாத்திரை மணியடித்தாற்போல். ரிப்போர்ட்டில் 112 வரும். "பாத்தியா, எறங்கிடுச்சு" என்று மறுநாளிலிருந்து மாத்திரையை நிறுத்திவிடுவார். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் படிக்கிற நம்ம கதைதான்! காலில் கம்பி கீறிய புண் இரண்டு மாதமாக ஆறாதபோதுதான் டாக்டர் ஹெச்பிஏ1சி எழுதினார். 9.1 சதவீதம். 6.5-க்கு மேலே போனாலே சர்க்கரை நோய்.

சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறதோ அதற்குத் தக்கபடி அது ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இந்த டெஸ்ட் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டும். 9.1 என்றால் சராசரி சர்க்கரை 210-க்கு மேல். மூன்று நாள் பட்டினி அதை ஏமாற்ற முடியாது. (ரத்தச்சோகை இருந்தால் மட்டும் இந்த எண்ணையும் யோசித்துத்தான் நம்ப வேண்டும்.) அப்பாவிடம் நான் விதியெல்லாம் சொல்லவில்லை. "ஒரு எடத்துல மட்டும் ரசமட்டம் வெச்சுப் பாத்துட்டு, செவரு பூரா நேரா இருக்குன்னு சொல்வீங்களாப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்றிலிருந்து மாத்திரையை விடவில்லை. புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. கால் தப்பியது.

சாம்பிளைக் காத்திருக்க விட்டாலும் இதே ஆறுதல் பொய் வரும். ட்யூபில் இருக்கிற அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். காலையில் 140 இருந்தது, பிரிக்காமல் நாலு மணி நேரம் கிடந்தால் 110 என்று வரலாம். அதைத் தடுக்கத்தான் சோடியம் ஃபுளோரைடு போட்ட சாம்பல் நிற மூடி ட்யூப்.

இவ்வளவு வழியில் தப்பு வரலாம் என்றால் எதை நம்புவது? மெக்கானிக்கல் நண்பர்களே, இங்கே உங்கள் பாடம் வருகிறது! 1924-ல் ஷூவார்ட் தொழிற்சாலைக்காகப் போட்ட கன்ட்ரோல் சார்ட்டை, 1950-ல் லெவியும் ஜென்னிங்ஸும் ரத்த லேபுக்குக் கொண்டு வந்தார்கள். தினமும் காலையில், அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சீரத்தை அளந்து சார்ட்டில் புள்ளி வைப்பார்கள். இரண்டு எஸ்.டி. தாண்டினால் எச்சரிக்கை, மூன்று தாண்டினால் நிறுத்து. "கன்ட்ரோல் சரியா வரலைன்னா பேஷன்ட் சாம்பிளைத் தொடவே கூடாது தம்பி" என்று லேப் டெக்னீஷியன் அக்கா எனக்குச் சொன்னார். அது மட்டுமில்லை, வேலூர் சி.எம்.சி. நாடு முழுக்க உள்ள லேப்களுக்குச் சாம்பிள் அனுப்பி, யார் அளவு சரி என்று ஒப்பிட்டுச் சொல்லும் திட்டத்தையும் நடத்துகிறது. நம்ம ஊர்ப் பக்கத்தில் இப்படி ஒரு வேலை நடப்பது நமக்கெல்லாம் பெருமைதானே!

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் டிப்ளமோக்காரர்கள். ரிப்போர்ட் நம் கையில்தான் கொடுக்கப்படும். ஸ்டாரைப் பார்த்து வீட்டைக் கலங்கடிக்கவும் வேண்டாம், ஸ்டார் இல்லை என்று சிரித்துவிட்டுப் போகவும் வேண்டாம். நான்கு கேள்வி கேளுங்கள். ரத்தம் எப்போது, எப்படி எடுத்தார்கள்? வெறும் வயிறா, சாப்பிட்ட பிறகா? போன தடவை எண் என்ன? மறுபடி அளந்தார்களா? பதிலோடு டாக்டரிடம் போங்கள். மாத்திரையை மாற்றுவது அவர் வேலை. கேட்பது நம் வேலை. அதற்குத்தானே நம்மைப் படிக்க வைத்தார்கள்!