தண்டவாளம் இல்லாத தீவில்

இருப்புப்பாதையை நம்பிப் பிழைக்கும் எனக்கு, ரயிலே இல்லாத அந்தமானைக் காணும் வாய்ப்பு சென்ற ஆண்டு கிட்டியது. சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் பயணம். போர்ட் பிளேர் என நாம் அறிந்த நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் சூட்டினர். அங்கே அபர்தீன் கடைவீதியில் என் மைத்துனர் மளிகைக்கடை வைத்திருக்கிறார்.

தீவில் தேங்காய்க்கும் பாக்குக்கும் மீனுக்கும் குறைவில்லை. அரிசி, பருப்பு, வெங்காயம் முதலியன பெரும்பாலும் கடல் கடந்தே வரவேண்டும். கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதித்தால் விலை ஏறும். கடன் கேட்போரும் பெருகுவர். ஆதலின் மழைக்காலத்துக்கு முன்பே சரக்குச் சேர்ப்பது அங்கே வாணிபத்தின் முதற்பாடம்.

கல்லாவின் அருகே ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதென்னவென்று வினவினேன்.

"ஊர் போகும் காசு, மாப்பிள்ளை. அப்பா காலமானபோது விமானத்துக்குப் பணமில்லை. கப்பலுக்காகத் துறைமுகத்தில் காத்துக் கிடந்தேன். இனி கடையே போனாலும் இதைத் தொடமாட்டேன்" என்றார்.

2018-இல் என் மாமனாருக்குக் கொள்ளிவைக்க மகன் வரவில்லையே என்று வாய்கூசாமல் குறை கூறியவர்களுள் நானும் ஒருவன். அன்று தலைகுனிந்தேன்.

கடல் கடந்து பிழைக்கச் செல்லும் அன்பர்களே! முதல் இலாபத்திலேயே அப்படியொரு பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.