ஸ்க்ராட்ச்: பொது வட்டில் வேலை பழகிய கதை

குவாண்டம் வேதியியல் ஆய்வில் சேர்ந்த புதிதில், கோட்பாடும் நிரலும் தெரிந்தால் போதும் என்றிருந்தேன். ஸ்க்ராட்ச் என்னும் தற்காலிக வட்டைக் கையாள்வது தனி வேலைத்திறன் என்று காட்டியவர் எங்கள் ஆய்வுக்கூடத்து அக்கா.

"எவ்வளவு எழுதும்னு கணக்குப் போட்டியா?" ஜாப் (கணினிக் கூட்டத்தில் ஓடவிடும் கணக்கு) போடும் முன் அவர் கேட்பது இதைத்தான். இரு எலக்ட்ரான் இன்டெக்ரல்கள் அடிப்படைச் சார்புகளின் நான்காம் அடுக்கில் பெருகும். 500 சார்புகளுக்கான இன்டெக்ரல்களை வட்டில் வைத்தால், சமச்சீரால் எட்டில் ஒரு பங்காகக் குறைந்த பிறகும், ஏறத்தாழ 62 ஜிபி. 1,000 சார்புகளுக்கு 1 டிபி.

இத்தனையையும் பொதுச் சர்வரில் உள்ள ஹோம் கோப்பகத்தில் எழுதினால், அதே சர்வரை நம்பியிருக்கும் எல்லோருக்கும் வேகம் குறையும். அதனால் கணக்கு ஓடும் கணினியான நோடின் சொந்த வட்டில், ஜாப் எண்ணையே பெயராக வைத்து ஒரு கோப்பகம் திறப்போம். உள்ளீட்டை அங்கே நகலெடுத்து, காசியன் என்ற வேதியியல் மென்பொருளை அங்கேயே எழுதும்படி சொல்வோம்.

எதைக் காப்பாற்றுவது என்பதையும் ஓடும் முன்பே ஸ்கிரிப்ட்டில் எழுதிவிட வேண்டும். எங்களுக்கு வேண்டியவை முடிவுகள் உள்ள லாக் கோப்பும், கணக்கைத் தொடர உதவும் செக்பாயின்ட் கோப்பும். இடைநிலைத் தரவுகள் உள்ள பெரிய ஆர்டபிள்யூஎஃப் கோப்பு போகலாம். ஒழுங்காக முடிந்தால் காசியனே அதை அழித்துவிடும். இடையில் நின்றால் அது அப்படியே கிடக்கும்.

கடினமான பாடம் நேர வரம்பு. நேரம் முடிந்ததும், ஜாப்களை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் நிறுத்தச் சொல்லி ஒரு சிக்னல் அனுப்பும். இயல்பான அமைப்பில் 30 விநாடி கழித்துக் கொன்றுவிடும். பெரிய கோப்பை நகலெடுக்க அது போதாது. பத்து நிமிடம் முன்பே சிக்னல் கேட்டு, அதை ஸ்கிரிப்ட்டை ஓட்டும் பாஷின் டிராப் கட்டளை மூலம் பிடிக்கக் கற்றேன். கணக்கைப் பின்னணியில் ஓடவிட்டு வெயிட் கட்டளை போடுவதும் அவசியம். முன்னணியில் ஓடினால், அது முடியும்வரை பாஷ் டிராப்பைக் கவனிக்காது.

அறுவடைக் களம் ஊருக்குப் பொது. நெல்லை அள்ளியவர் பதரைக் கூட்டிவிட்டுத்தான் அடுத்தவருக்கு விடுவார். ஸ்க்ராட்சுக்கும் அதே நியாயம். அமெரிக்காவின் பெர்ல்மட்டர் கணினியில் 8 வாரம் தொடாத ஸ்க்ராட்ச் கோப்புகள் நீக்கத்துக்கு உரியவை. அந்தக் கெடுவரை காத்திருப்பது, வரிசையில் நிற்பவரின் இடத்தைப் பிடித்து வைப்பதுதான்.

செக்பாயின்ட் ஹோமுக்கு வந்து, ஸ்க்ராட்ச் கோப்பகமும் அழிந்த பிறகே ஒரு கணக்கு முடிந்ததாக நோட்டுப்புத்தகத்தில் குறிக்கிறேன்.