எது மூத்த கல்?

சாந்திபுரத்தில் அடுக்குப்பாறை கிடையாது. ஆந்திராவின் குப்பம் ஊரைச் சுற்றிப் பெரும்பாலும் கிரானைட்டும் நைஸும்தான். ஆனால் முன்பின் வரிசையைப் படிக்க அடுக்கு இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. வெளிறிய பாறையைக் கருப்பு டோலரைட் சுவர்கள் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. கருப்பு கிரானைட் என்று விற்பனைக்குப் போவது இந்த வகைக் கல்தான்.

"எத்தனை வருசத்துக் கல்லு சார்?" என்று குவாரியில் கேட்பார்கள். வருஷக்கணக்கு ஆய்வுக்கூடத்து வேலை. வெட்டியது இளையது, வெட்டுப்பட்டது மூத்தது. இதற்குச் சுத்தியலும் கைலென்ஸும் போதும். கருப்புச் சுவரின் ஓரத்தில் மணிகள் மிக நுண்ணியவை, நடுவில் பெரியவை. உருகிய குழம்பு குளிர்ந்த பாறையின் வெடிப்பில் ஏறி, ஓரத்தில் சட்டென்று இறுகியிருக்கிறது. அப்படியானால் வெளிறிய பாறை அதற்கு முன்பே ஆறிப்போனது.

அடுக்கு வேண்டுமென்றால் திருப்பதிக்குப் போகவேண்டும். மலைப்பாதையில் கீழே கிரானைட், மேலே நகரி குவார்ட்சைட். இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். பேருந்துகள் கோவிந்தா முழக்கத்தோடு அதைக் கடந்துவிடுகின்றன.

மேலே இருப்பது இளையது என்று 1669-லேயே புவியியல் முன்னோடி ஸ்டெனோ எழுதிவிட்டார். அது படிந்த பாறைக்குப் பொருந்தும். கிரானைட்டோ கீழிருந்து ஏறிவருவது. மேலே கிடக்கும் பாறைக்குப் பிறகும் அது வந்திருக்கலாம். 1788-இல் ஸ்காட்லாந்தின் சிக்கர் பாயிண்டில் புவியியலாளர் ஹட்டனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கீழ் அடுக்குகள் செங்குத்தாக நின்று, மேல் அடுக்குகள் அவற்றின் தலையில் சாய்ந்து கிடந்தன. திருப்பதியில் கிரானைட் இளையதாக இருந்தால், அதன் கிளைகள் குவார்ட்சைட்டுக்குள் ஏறியிருக்கும், தொட்ட இடம் வெந்திருக்கும். அப்படி இல்லை. நகரி குவார்ட்சைட்டின் அடியில் உருண்ட கூழாங்கல் படுகைகள்தான் உண்டு. ஆழத்தில் இறுகிய கிரானைட் மேல்மூடி அரிக்கப்பட்டு வெளியே வந்து, பிறகே அதன்மேல் கூழாங்கல்லும் மணலும் படிந்தன. அந்த ஒரு கோட்டுக்குள் 50 கோடி ஆண்டுகள் என்றும் 80 கோடி என்றும் கணக்குச் சொல்கிறார்கள்.

மேலே ஏறி அடுக்குகளை எண்ணுமுன், அவை தலைகீழாகப் புரளவில்லை என்று உறுதிசெய்துகொள்வது என் வழக்கம். திருமலையில் படுகைகள் அதிகம் சாயவில்லை, இருந்தாலும் பார்ப்பேன். புரளாத மணற்பாறையின் குறுக்குக் கீற்றுகள் அடியில் வளைந்து தழுவும், உச்சியில் வெட்டுப்பட்டு நிற்கும். அலைத்தடத்தின் கூர்முனை மேல்நோக்கியிருக்கும்.

கடினமான வேலை அதற்குப் பிறகுதான்: நகரி மலையின் ஒரு படுகையும் திருமலையின் ஒரு படுகையும் ஒரே காலத்தவையா? அரியலூரில் அம்மோனைட் ஓடுகளை வைத்து ஊர்விட்டு ஊர் பொருத்தலாம். இங்கே பாறை சிப்பி, நத்தைகளுக்கெல்லாம் முந்தியது. படுகையைத் தொட்டுக்கொண்டே நடக்கவேண்டும். பள்ளத்தாக்கு குறுக்கிட்டால், எதிர்மலையில் அதே கூழாங்கல், அதே மணல், அதே வரிசை வருகிறதா என்று அடியிலிருந்து மறுபடி ஏறவேண்டும்.