சிப்பாயின் சம்பளப் புத்தகம்

பெர்லினில் ‘ஜூன் 17 சாலை’யின் ஓரத்தில் சனி, ஞாயிறுகளில் பழம்பொருள் சந்தை கூடுகிறது. டியர்கார்டன் ரயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும். பீங்கான் கோப்பை, வெள்ளிக் கரண்டி, கதவுக் கைப்பிடி, கிராமபோன் என்று மேஜை மேஜையாகப் பரப்பி வைத்திருக்கிறார்கள். எரிந்துபோன நம் சென்னை மூர் மார்க்கெட்டை அறிந்தவர்களுக்கு அந்த நெரிசல் பழகியதாகத்தான் இருக்கும். ஒரு பெரியவரின் மேஜையில், பழைய தபால் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால், கண்ணாடி மூடிய தட்டு ஒன்று இருந்தது. அதற்குள் உள்ளங்கை அளவில் பழுப்பு அட்டை போட்ட சில புத்தகங்கள். எல்லா அட்டையின் நடுவிலும் ஒரு வெள்ளைத் துண்டுத் தாள் ஒட்டியிருந்தது.

“அதுக்குக் கீழ கழுகும் ஸ்வஸ்திகாவும் இருக்கு அண்ணை. வெளியில தெரிய வைச்சு விக்கேலாது” என்றார் கூட வந்த நண்பர். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் கிழக்கு பெர்லின் வழியாக இந்த நகரத்துக்குள் வந்து, இங்கேயே குடும்பமாகிப்போனவர். எனக்கு ஜெர்மன் மொழியும் பெர்லினும் அவர்தான். அவர் சொன்னது சரி. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவதைத் தடை செய்கிறது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் வரலாற்றுக்கும் விலக்கு உண்டு. பழம்பொருள் வியாபாரிகள் எதற்கு வம்பு என்று தாளை ஒட்டிவிடுகிறார்கள்.

பெரியவர் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். சோல்ட்பூக். இரண்டாம் உலகப் போரில் ஒவ்வொரு ஜெர்மன் சிப்பாயும் மார்புப் பையில் வைத்திருந்த சம்பளப் புத்தகம். அடையாள அட்டையும் அதுவே. அட்டையைத் திறந்ததும் ஒரு முகம். படத்தின் மூலையில் பாதி ஏறி நிற்கும் முத்திரை. இந்தப் படம் போரின் பிற்பாதியில்தான் கட்டாயமானது. பையன் 1921இல் பிறந்தவன். மேல் சைலீசியாக்காரன், கத்தோலிக்கன், தச்சுத் தொழில். உயரம், முகவாக்கு, தலைமுடி நிறம், தாடி உண்டா இல்லையா, எல்லாம் மையில் எழுதியிருக்கிறது. காலணியின் நீளம் 28, அகலம் 5. ரத்த வகை. விஷவாயு முகமூடியின் அளவு 2. அம்மை, குடற்காய்ச்சல், சீதபேதி, காலரா என்று தடுப்பூசிக்கு அச்சிட்ட பத்திகள். ஊசி போட்ட டாக்டரின் கையெழுத்துகள். வாங்கிக்கொண்ட காலுறை, ஹெல்மெட், தண்ணீர்க் குடுவை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாள், வெளிவந்த நாள். மனைவி என்ற இடத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே அப்பா அம்மாவின் பெயரும் ஊரும். கடைசிப் பக்கத்தில், வீட்டுக்குப் போய்வர அனுமதித்த ஒரு விடுப்பு.

அந்த மேஜை முன்னால் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். எண்பது வருடத்துக்கு முன் உயிரோடிருந்த ஒருவனின் பாத அளவு எனக்குத் தெரிகிறது. அவன் அம்மாவின் பெயர் தெரிகிறது. எங்கோ பிறந்த நான் அந்தத் தாளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். வியப்பு என்றால் இதுதான் வியப்பு.

ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு பத்தி கிடையாது. போன ஊர்களில் அவன் என்ன செய்தான் என்பதற்கான பத்தி. ராணுவம் அவன் காலை அளந்தது, பல்லைப் பார்த்தது, காலுறையை எண்ணியது. மற்றதை எழுதவில்லை. அதைத் தேட வேண்டுமென்றால் அவன் இருந்த படைப்பிரிவின் பெயரைப் பிடித்துக்கொண்டு, ஃப்ரைபுர்க் நகரில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகத்தில் அந்தப் பிரிவின் போர் நாட்குறிப்பைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் தேதியும் ஊரும் கிடைக்கும். அந்தத் தேதியில் அந்த ஊரில் யாரெல்லாம் கொல்லப்பட்டார்கள் என்பதை வேறு புத்தகங்களில் தேட வேண்டும். உண்மையான சேகரிப்பாளர்கள் இந்த வேலையைத்தான் வருடக்கணக்கில் செய்கிறார்கள். புத்தகத்தை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பவர்களை நான் சேகரிப்பாளர்களாக நினைக்கவில்லை.

அடுத்த கோப்பில் விருதுச் சான்றிதழ்கள். அநேகமாக எல்லாம் பள்ளி நோட்டின் ஒரு பக்கம் அளவு தாள்கள். தட்டச்சில் பெயர், கீழே அதிகாரியின் கையெழுத்து, முத்திரை. காயம்பட்டவர்களுக்கான சின்னம் மூன்று நிறம்: ஒன்றிரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் தங்கம். ரஷ்யாவின் 1941–42 குளிர்காலத்தைத் தாண்டியவர்களுக்கு ஒரு பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். உறைபனியில் விரல் போனவனுக்கும் அது உண்டு. சிப்பாய்களே அதற்கு ‘உறைந்த இறைச்சிப் பதக்கம்’ என்று பெயர் வைத்தார்கள்.

இந்தியச் சிப்பாய்களின் தாள் ஏதாவது கண்ணில் பட்டதுண்டா என்று கேட்கச் சொன்னேன். சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் திரட்டிய படை, ஜெர்மன் ராணுவக் கணக்கில் 950ஆம் காலாட்படை ரெஜிமென்ட். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியக் கைதிகளே அதில் பெரும்பான்மை. சட்டைக் கையில் பாயும் புலிச் சின்னம் அணிந்தார்கள். பெரியவர் இல்லை என்று தலையசைத்தார். “அப்படி வந்தா அநேகமாப் போலியாத்தான் இருக்குமாம்” என்றார் நண்பர்.

போலிகள் நிறைய. பெரியவர் சட்டைப் பையிலிருந்து புற ஊதா விளக்கு ஒன்றை எடுத்துத் தாள்மேல் அடித்துக் காட்டினார். போருக்குப் பிந்தைய காகிதத்தில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் இருந்தால் நீலமாக ஒளிரும். பழைய தாள் மங்கலாகவே கிடக்கும். 1983இல் ‘ஸ்டெர்ன்’ பத்திரிகை பல லட்சம் மார்க் கொடுத்து வாங்கி வெளியிட்ட ஹிட்லர் நாட்குறிப்புகள் கவிழ்ந்ததும் காகிதத்தில் இருந்த அந்த ரசாயனத்தால்தான். அவற்றைத் தயாரித்த கொன்ராட் குயாவ், நாஜிக் காலப் பொருள்களை விற்று வந்த ஆள். பக்கங்களைப் பழையதாக்கத் தேநீரைப் பயன்படுத்தினார்.

போலியைவிட என்னை வருத்தியது ஓர் ஆல்பம். கறுப்புத் தாள், வெள்ளை மையில் அழகான சாய்வெழுத்து. “மின்ஸ்க், ஜூலை 1941” என்று ஒரு பக்கத்தின் தலைப்பில் இருந்தது. கீழே நான்கு படங்களுக்கான மூலை ஒட்டுகள். அவற்றில் ஒரே ஒரு படம்தான் மிச்சம்: ஆற்றங்கரையில் சட்டை கழற்றிச் சிரிக்கும் ஐந்து இளைஞர்கள். மற்ற மூன்றும் பிய்க்கப்பட்டிருந்தன. அந்த ஜூலையில்தான் மின்ஸ்க் நகரத்து யூதர்களை கெட்டோ என்ற தனிக் குடியிருப்புக்குள் அடைத்தார்கள். காணாமல்போன மூன்று படங்களில் என்ன இருந்தது? குடும்பத்தார் வெட்கப்பட்டு எடுத்தார்களா, வியாபாரி எடுத்தாரா? டாங்கி, விமானம் தெரியும் படம் தனியாக நல்ல விலைக்குப் போகும். அதனால் ஆல்பத்தைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்பது இந்தத் தொழிலில் வழக்கம்.

இது சிறிய விஷயமே அல்ல. 1995இல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம், ஜெர்மன் ராணுவத்தின் குற்றங்களைப் பற்றி ஒரு கண்காட்சி தொடங்கியது. சிப்பாய்கள் தாங்களே எடுத்து வைத்திருந்த படங்கள் அதில் ஏராளம். தூக்குமரம், குழி, சுட்டுத் தள்ளிய உடல்கள். கொலையெல்லாம் நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படை செய்தது, சாதாரண ராணுவத்தின் கையில் கறை படவில்லை என்று நம்பிய தலைமுறை அதிர்ந்துபோனது. பிறகு வேறொரு சிக்கல் வந்தது. சில படங்களில் இருந்த பிணங்கள் சோவியத் ரகசியப் போலீசால் கொல்லப்பட்டவர்கள் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1999இல் கண்காட்சி நிறுத்தப்பட்டு, திருத்தப்பட்டு, 2001இல் மீண்டும் திறந்தது. அதன் அடிப்படை வாதம் நிலைத்து நின்றது. ஆனால் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற குறிப்பு கழன்றுபோன படம் எதற்கும் சாட்சியாகாது என்பதும் தெளிவானது. ஆல்பத்தைப் பிய்ப்பவர் சாட்சியைக் கலைக்கிறார். கடுமையான வார்த்தைதான், எழுதத் தயங்கவில்லை.

மறுநாள் பெர்லினுக்குத் தெற்கே ஹால்பே என்ற சிற்றூருக்கு ரயிலில் போனோம். 1945 ஏப்ரல் கடைசி வாரத்தில் ஜெர்மனியின் ஒன்பதாவது படை அந்தக் காடுகளில் சுற்றி வளைக்கப்பட்டது. சிப்பாய்கள், அகதிகளாக ஓடிவந்த பொதுமக்கள், சோவியத் செம்படையினர் எல்லாரும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். எர்ன்ஸ்ட் டைக்மன் என்ற பாதிரியார் 1951இல் அங்கே குடிவந்து, காட்டுக்குள் சிதறிக் கிடந்த உடல்களை எடுத்து ஒரே இடத்தில் புதைக்கப் பாடுபட்டார். இன்று பைன் மரங்களுக்கு நடுவே 20,000க்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள். அவர்களில் ராணுவத்தை விட்டு ஓடியதற்காகச் சுடப்பட்டவர்களும், கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்ட உக்ரைனியர்களும் உண்டு. வரிசை வரிசையாகத் தரையில் பதித்த கற்களில் எத்தனையோ கல்லில் ‘பெயர் தெரியாதவர்’.

பெயர் எப்படிக் கிடைக்கும்? சிப்பாயின் கழுத்தில் முட்டை வடிவத் தகடு ஒன்று தொங்கும். நடுவில் துளைக்கோடு, இரு பாதியிலும் ஒரே எழுத்து. இறந்தால் கீழ்ப்பாதியை உடைத்து அனுப்புவார்கள். மேல்பாதி உடலோடு புதையும். அதில் பெயரே கிடையாது. எண்ணும் பிரிவும் இருக்கும். அதே எழுத்து சம்பளப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் இருக்கும். எண்ணுக்கு உரியவன் யார் என்ற பட்டியலை வைத்துக்கொள்ள 1939 ஆகஸ்டில் ஓர் அலுவலகம் தொடங்கினார்கள். போருக்குப் பின் பெர்லினில் நிலைகொண்ட அந்த அலுவலகம், 2019 முதல் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பகுதி. ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் அதிகமான சிப்பாய்களின் அட்டைகள் அங்கே இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் இன்றும் எழுதிக் கேட்கிறார்கள்.

ஹால்பே காட்டில் இன்றும் எலும்புகள் கிடைக்கின்றன. இரவில் உலோகம் தேடும் கருவியோடு வந்து தோண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தகட்டை எடுத்துக்கொண்டு எலும்பை விட்டுப் போகிறார்கள். அதற்குப் பிறகு அந்த எலும்புக்குப் பெயர் கிடைக்க வழியே இல்லை.

நாணயமும் தபால்தலையும் சேர்க்கும் நம் ஊர் நண்பர்கள் இப்போது இணைய ஏலங்களில் உலகப் போர்ப் பொருள்களையும் பார்க்கிறார்கள் என்று தெரியும். அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். சம்பளப் புத்தகம், சான்றிதழ், ஆல்பம் எது வாங்கினாலும் ஒருவருடையதைப் பிரிக்காமல் சேர்த்தே வாங்குங்கள், சேர்த்தே வையுங்கள். மண் ஒட்டிய, உடைக்காத முழுத் தகடு விற்பனைக்கு வந்தால் மட்டும் வாங்கவே வேண்டாம். அதிலுள்ள எண்ணையும் எழுத்தையும் குறித்து, பெர்லினில் உள்ள கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.