சி ஷிஃப்டுக்குப் போகுமுன்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வளர்ந்த எங்களுக்குப் பொழுது என்பது ஏ, பி, சிதான். காலை ஆறுக்கு ஏ, மதியம் இரண்டுக்கு பி, இரவு பத்துக்கு சி. வீட்டில் ரேடியோ பாடலாமா, அக்காவும் நானும் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கலாமா என்பதெல்லாம் அப்பாவுக்கு அந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்பதைப் பொறுத்தது. அவர் நாசரேத் பக்கத்திலிருந்து இரும்பு உருக்கும் வேலைக்கு வந்தவர். தெருவில் பாதி வீடுகளில் தெலுங்கு. மாவட்டம் அப்போது செங்கல்பட்டு. திருவள்ளூர் தனியாகப் பிரிந்தது 1997-ல்தான்.

எங்கள் சபை கூடியது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட்டில். மே மாதத்தில் உபதேசியாரின் பிரசங்கத்தைவிடக் கூரைதான் நரகத்தை நன்றாக விளக்கியது. ஒரு லீவில் எங்களைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப் போய், 1515-ல் போர்த்துகீசியர் எழுப்பிய மகிமை மாதா கோயிலைக் காட்டினார்கள். இத்தனை பக்கத்தில் இவ்வளவு பழைய கோயில் இருக்க, நமக்கு மட்டும் ஏன் இந்த ஷெட் என்று அக்கா கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

சண்டே ஸ்கூலில் கலாத்தியர் நிருபத்தின் ஆவியின் கனிகளை ஒப்பிக்கச் சொல்வார்கள். ஒன்பது. அன்பில் வேகமாகத் தொடங்குகிற பிள்ளைகள் எல்லாம் ஒன்பதாவதில் வந்து விழும். அது இச்சையடக்கம். கோபத்தோடு சூரியனை மறையவிடக் கூடாது என்று எபேசியரில் பவுல் எழுதியதை விளக்கிய அன்று, நான் எழுந்து கேட்டேன்: "டீச்சர், சி ஷிஃப்ட் போறவங்களுக்குச் சூரியன் எப்ப மறையும்?" வகுப்பே சிரித்தது. "உங்க அப்பாவையே கேளு" என்றார் டீச்சர்.

அப்பா பெரிய கோபக்காரர். சோற்றுத் தட்டு முற்றத்தில் பறந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தக் கேள்வியை வீட்டில் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை.

"ஃபர்னஸ் முன்னால போய் நிக்கதுக்கு முந்தி மறைஞ்சிரணும்லே."

பிறகு விளக்கினார். உலைக்குள் இரும்பு ஆயிரத்து அறுநூறு டிகிரிச் சூட்டில் குழம்பாகக் கிடக்கும். மேலே போடுகிற பழைய இரும்பில் ஈரம் இருந்தாலோ, வாய் அடைத்த குழாய் ஒன்று கலந்திருந்தாலோ, உள்ளே போனதும் வெடித்துக் குழம்பு ஆள்மேல் தெறிக்கும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத்தான் தள்ள வேண்டும். வீட்டுச் சண்டையை மனசில் சுமந்து வந்தவன் பார்ப்பதில்லை. அவனுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து.

அதனால்தான் சி ஷிஃப்ட் வாரங்களில் ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். அதற்குள் வீட்டில் யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையோ அவர்கள் பேசிவிட வேண்டும். பேசாவிட்டால் அப்பா ஜெபத்தைத் தொடங்க மாட்டார். வேதப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சைக்கிள் வாசலில் நிற்கும். கடிகாரம் ஓடும். நேரம் தப்பினால் அரைநாள் கூலி போகும் என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியும். கடைசியில் யாராவது ஒருவர், "சரி, ஸாரி" என்று சுவரைப் பார்த்துச் சொல்வோம். அதை மனந்திரும்புதல் என்று எந்த வேத பண்டிதரும் ஒப்ப மாட்டார். ஆனால் வாய் முதலில் பழகியது, மனசு மெல்லப் பின்னால் வந்தது. எனக்கு மனந்திரும்புதல் வந்த வழி இதுதான். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இரவுகளில் அப்பாவும் சுவரைப் பார்த்தே கேட்டார்.

ஒரு விஷயத்தில் எங்கள் சபைமேல் எனக்கு வருத்தம் உண்டு. சாந்தத்தைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கூலிக்காரர்களுக்கும்தான் அதிகம் பிரசங்கித்தார்கள். இயேசு ஆலயத்தில் காசுக்காரர்களின் பலகைகளைக் கவிழ்த்த பகுதி அபூர்வமாகத்தான் வாசிக்கப்படும்.

ஒரு வருஷம் கான்ட்ராக்டர் ஒருவர் இரண்டு மாதக் கூலியை நிறுத்தி வைத்திருந்தார். அப்பாவோடு வேலை செய்தவர்கள் அவரை அடிக்கக் கிளம்பினார்கள். கம்பியோடு வாசலுக்கு வந்து கூப்பிட்டார்கள். பழைய அப்பா முதல் ஆளாக இறங்கியிருப்பார். அன்று அவர் எல்லோரையும் திண்ணையில் உட்கார வைத்தார்; அம்மா வரக்காப்பி போட்டாள். ஒப்பந்தத் தொழிலாளருக்கென்று 1970-ல் வந்த சட்டத்தில், கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் கம்பெனியே தர வேண்டும் என்று இருந்தது. தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் அதை எடுத்துச் சொல்ல, அக்காவின் முத்தான கையெழுத்தில் மனு எழுதினார்கள். கையெழுத்துப் போடும்போதும் அப்பாவின் கை நடுங்கியது. பயத்தால் இல்லை, அவ்வளவு கோபம்.

தொழிலாளர் ஆய்வாளரிடம் நடையாய் நடந்த பிறகு பாக்கி இரண்டு தவணையாக வந்தது. முதல் தவணையிலேயே அப்பா தசமபாகத்தை உறையில் போட்டு எடுத்து வைத்தார். மளிகைக் கடைக் கடன் அப்படியே நிற்க இது எந்த நியாயம் என்று கேட்ட அம்மா, அதற்கு மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை.