எத்தனை சதவீதம்?

திருப்பூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் பனியன் கம்பெனியிலோ சாயப்பட்டறையிலோ இருப்பார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு என்று கரும்பலகையில் எழுதியதுமே, "எங்கப்பா பிளீச்சிங்ல ஊத்துறது மேம்" என்பாள் ஒருத்தி. "பார்லர்ல மூஞ்சிக்குப் போடுறது" என்பாள் இன்னொருத்தி. இரண்டும் ஒரே பொருள்தான். எண்தான் வேறு.

பட்டறைக்கு வருவது பெரும்பாலும் 50 சதவீதம். வாயு வெளியேற மூடியில் வழி வைத்த பிளாஸ்டிக் கேன்களில் ரசாயன வியாபாரிகள் கொண்டுவந்து இறக்குவார்கள். தோலில் பட்டால் அந்த இடம் வெளுத்து எரியும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். பஞ்சுக் கழிவின் மேல் கொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். மருந்துக் கடையில் நமக்குக் கிடைப்பதில் அதிகம் 6 சதவீதம். லேபிளில் '20 வால்யூம்' என்றும் போட்டிருக்கும். ஒரு மில்லி கரைசல் சிதைந்தால் 20 மில்லி ஆக்சிஜன் வரும் என்று பொருள். வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்லும் 3 சதவீதம் வேண்டுமென்றால் அதே அளவு தண்ணீர் சேர்க்க வேண்டும். அழகுசாதனக் கடையில் தலைச்சாயத்தோடு கலக்க விற்கும் டெவலப்பர் 20, 30, 40 வால்யூம், அதாவது 6, 9, 12 சதவீதம். இவை போக 35 சதவீதத்தில் 'ஃபுட் கிரேடு' என்று ஒன்று உண்டு. பால், பழச்சாறு அடைக்கும் அட்டைப் பெட்டியைக் கிருமிநீக்கம் செய்கிற சரக்கு அது. பெயரில் உணவு இருப்பதைப் பிடித்துக்கொண்டு, சொட்டு சொட்டாகக் குடித்தால் நோய் தீரும் என்று பரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். குடித்தால் வயிற்றில் ஆக்சிஜன் பொங்கும். அது ரத்தக்குழாயில் புகுந்து அடைத்தால் உயிரே போகலாம். 2006இலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை எச்சரித்தது.

மூன்றாம் வருடத்து மாணவி ஒருத்தி ஒரு திங்கட்கிழமை துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு வந்தாள். மேலுதடு முழுக்கப் புண். "நேத்து பொண்ணு பாக்க வந்தாங்க மேம். மீசை மாதிரி தெரியுதுன்னு அத்தை சொன்னாங்க, சனிக்கிழமை பார்லர் போனேன்." பிளீச் அந்த மயிரை எடுப்பதில்லை, பொன்னிறமாக்கி மறைக்கிறது, அவ்வளவுதான். முகம் 'கலர் வந்ததாக' நாம் நினைப்பதில் பாதி அந்தப் பொன்னிறம்தான். எரியுதுக்கா என்று இவள் சொல்லியிருக்கிறாள். எரிந்தால்தான் வேலை செய்யுது என்று பதில். அந்த அக்காவின் விரல் நுனிகளும் உரிந்துதான் இருந்தனவாம். கையுறை கிடையாது. பெரிய பாட்டிலிலிருந்து யாரோ சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்ததை வாங்கி வைத்திருந்தார். அதில் லேபிளே இல்லை. பட்டறைக்குப் போகும் கேனில் பெயரும் சதவீதமும் எச்சரிக்கையும் ஒட்டித்தான் வருகின்றன. இரண்டு பெண்களின் தோலைத் தொட்ட பாட்டிலில் ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் அங்கேதான் வந்தது.

"அதுல எத்தனை பர்சன்ட்னு கண்டுபிடிக்க முடியுமா மேம்?" என்று அவளே கேட்டாள். முடியும், கண்ணு. ஏற்கெனவே செய்த சோதனைதான். பார்லர் அக்காவிடம் கேட்டுக் கொஞ்சம் வாங்கிவந்தாள். அவரும் மறுக்காமல் கொடுத்தார். நிறமில்லாத திரவம். அளந்து நீர்க்கச் செய்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, ப்யூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஊதா நிறம் விழ விழ மறைந்துகொண்டே இருந்தது. வெளிறிய ரோஸ் நிறம் மறையாமல் நின்றதும் கணக்குப் போட்டாள். கிட்டத்தட்ட 12 சதவீதம். தலைமயிருக்கான 40 வால்யூம். தோலில் பூசும் பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் உச்சவரம்பு 4 சதவீதம். அவள் அந்த எண்ணை ஒரு லேபிளில் பெரிதாக எழுதிப் பாட்டிலில் ஒட்டி, பார்லரிலேயே திரும்பக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதன்பிறகு ஒரு நாள் ஆய்வகத்தில் வழக்கமான உருளைக்கிழங்குத் துண்டுக்குப் பதிலாக ரத்தக்கறை பட்ட துணியை வைத்தேன். யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. 3 சதவீதத்தை ஊற்றியதும் வெள்ளையாகப் பொங்கியது. ரத்தத்திலுள்ள கேட்டலேஸ் நொதி பெராக்சைடை உடைத்து ஆக்சிஜனை விடுவிக்கிற நுரை அது. கறையை வெந்நீரில் போட்டால் புரதம் இறுகித் துணியிலேயே தங்கிவிடும், முதலில் பச்சைத் தண்ணீர்தான் என்றேன். புண்ணில் ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஆறவேண்டிய செல்களையும் அது கொல்லும் என்றும் சொன்னேன். பிறகு கேள்விகள் வந்துகொண்டே இருந்தன.

"வினிகர் கலந்தா இன்னும் நல்லா போகுமா மேம்?"

கூடாது. பெரசிட்டிக் அமிலம் உண்டாகும். தோலையும் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும்.

"பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?"

வெயில் படாமல், வாங்கிய பாட்டிலிலேயே வைத்தால் சில மாதம். நுரை வராவிட்டால் அது வெறும் தண்ணீர்.

"கலர் யூனிஃபார்ம்ல சாயம் போயிடுமா?"

போகலாம். உள்பக்கத் தையலோரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.