முயலும் சுண்டெலியும் தந்த பாடம்

வாந்திபேதி என்ற சொல் காஞ்சிபுரத்துப் பெரியவர்களுக்குப் புதிதன்று. வைகாசிக் கருடசேவைக்குக் கூட்டம் கூடினால் கூடவே காலரா பயமும் வந்துவிடும் என்று நெசவாளியான என் தாத்தா சொல்லுவார்.

அந்த நோய் எவ்வாறு கொல்லுகிறது? 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தார். அது நஞ்சு விடக்கூடும் என்றும் கருதினார். ஆனால் மெய்ப்பிக்க வழியில்லை. வாய்வழியே ஊட்டினாலும் ஆய்வு விலங்குகளுக்கு அந்நோய் எளிதில் வரவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் கல்கத்தா மருத்துவர் சம்புநாத் டே. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதனுள் கிருமிக் கரைசலைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் நிறைந்து உப்பியிருந்தது! பின்னர்க் கிருமிகளை நீக்கி, வடிநீரை மட்டும் செலுத்தினார், அதே விளைவு! குற்றவாளி நஞ்சே என்பதை 1959-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்.

முயல் கொறிவிலங்கு இனமன்று என்பதை விலங்கியல் மாணவர் அறிவர். சுண்டெலியின் முறை 1972-இல் வந்தது. ஈ.கோலைக் கிருமியின் வெப்பம் தாங்கும் நஞ்சைப் பால்குடி மாறாத குட்டியின் இரைப்பையில் செலுத்துவர். சில மணி நேரத்தில் அதைக் கொன்று, குடலின் எடையை மீதி உடலின் எடையால் வகுப்பர். விகிதம் உயர்ந்திருந்தால் நஞ்சு உண்டு என்பது பொருள்.

இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயில்லாக் குட்டியைக் கொல்வது தருமமா? ஆனால், நான் பட்டுத்தறியின் ஓசையில் வளர்ந்தவள். கூட்டுப்புழுவை வெப்பத்தில் கொன்ற பின்னரே அறுபடாத இழையை எடுக்கிறார்கள். அந்த இழைதான் எங்களுக்குச் சோறு போட்டது. 'உயிர்க்கொலையே கூடாது' என்று பேச எனக்கு நா எழவில்லை. அதேசமயம், புடவைக்காகச் சாகும் புழுவையும் பிள்ளைகள் பிழைக்கச் சாகும் எலியையும் ஒரே தட்டில் நிறுக்கவும் மனம் ஒப்பவில்லை.

காலரா நஞ்சு குடற்சுவரை அழிப்பதில்லை; உப்பையும் நீரையும் வெளியேற்றத் தூண்டுகிறது. சர்க்கரையோடு சேர்ந்த உப்பைக் குடல் அப்போதும் உறிஞ்சும். அதனால்தான் உப்புச் சர்க்கரைக் கரைசல் உயிர் காக்கிறது. 1971-இல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலநோபிஸ் அதைக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார். என் தம்பி கைக்குழந்தையாய்ப் பேதியில் துவண்டபோது பிழைத்ததும் அக்கரைசலால்தான்.

இன்று உயிரணு வளர்ப்பும் மரபணுச் சோதனையும் பல இடங்களில் விலங்குகளுக்கு மாற்றாக வந்துவிட்டன. மாற்று இருக்குமிடத்தில் உயிரைத் தொடலாகாது; இல்லாவிடத்தில் ஒன்றையும் வீணாக்கலாகாது. நோபல் பரிசு பெறாமலே 1985-இல் மறைந்தார் டே. அவரை நினைக்கும்போது, பெயரே இல்லாத அந்தச் சிற்றுயிர்களையும் நினைப்போமாக!